வேலியைப் பார்த்துக் கத்திய மாடுகள்

ஓயாத வாயால் 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்குப் பயம் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததிலிருந்து அவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான் என்றால், அதற்குக் காரணம் வண்டி நிறுத்தத்தின் மூலையில் தனியாக நின்ற அந்த ஸ்கூட்டர்தான்.

"அண்ணி, அதையே எவ்வளவு நேரம் பாப்பீங்க? விலை கேட்டுட்டுக் கிளம்புவோம்."

அண்ணி என்பவள் அவனுடைய அண்ணன் மனைவி. கோர்ட்டில் வாதாடி அலுத்துப்போய், கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவள். கோட்டைக் கழற்றியும் 'வக்கீலம்மா' என்ற பெயர் அவளைவிட்டுக் கழலவில்லை. கொழுந்தன் வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் பேசித் தீர்ப்பதைவிட வெளியே வந்து பேசித் தீர்க்கட்டும் என்று அவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

ஸ்கூட்டர் நீர் வாரியத்து ஆய்வாளருடையது. முந்தாநாள் காலையில் மாட்டுப் பண்ணைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. வண்டி மட்டும் இங்கே கிடைத்தது. "எங்கயோ பஸ் ஏறிப் போயிருக்கார். தானா வருவார்" என்று போலீஸ் கைகழுவிவிட்டது. அவருடைய மனைவி அழுது முடித்த முகத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் வண்டியைத் தினமும் கழுவுவாரா?" என்றாள் வக்கீலம்மா.

"மழை பெஞ்சாத்தான் அதுக்குக் குளியல்."

"இது சக்கரத்துக்குள்ள விரல் விட்டுக் கழுவியிருக்கு. பஸ்ஸைப் பிடிக்க ஓடற ஆளு வண்டியைக் கழுவிட்டா ஓடுவார்? டேய், ஏறி உக்காரு."

ரேடியோ உட்கார்ந்தான். பக்கக் கண்ணாடியில் பின்னால் இருந்த சாலை முழுசாகத் தெரிந்தது.

"அண்ணி, எனக்கே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

"உங்க வீட்டுக்காரர் உயரமா?"

"நிலைப்படியில தலையை இடிச்சுக்காம உள்ள வர மாட்டார்" என்றாள் அந்தப் பெண். சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது.

"அப்ப கடைசியா இதை ஓட்டினது அவர் இல்ல. என் கொழுந்தன் உயரத்துல ஒருத்தன். கண்ணாடியைத் தனக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கிட்டான், திரும்ப மாத்த மறந்துட்டான்." வக்கீலம்மா அவள் தோளைத் தொட்டாள். "நாங்க பண்ணைக்குப் போறோம். இருட்டறதுக்குள்ள எங்ககிட்டேருந்து போன் வரலைன்னா மறுபடியும் போலீஸுக்குப் போங்க. இந்தத் தடவை சத்தம் போடுங்க."

ரேடியோ வண்டியிலிருந்து குதித்து இறங்கினான். "என் உயரத்துல எத்தனையோ நல்லவங்க இருக்காங்க, அண்ணி" என்றான்.

காரில் போகும்போது வக்கீலம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மாடுகள் ஒரு கணக்குக்கு மேல் போனால் அந்தப் பண்ணைக்குக் கழிவுநீர் அனுமதி வேண்டும். கசியாத குழி, மழை பெய்தாலும் வழியாத அளவுக்குக் குழியில் மிச்ச இடம், ஓடையிலிருந்து தூரம், வருஷா வருஷம் சோதனை. கணக்குக்குக் கீழே இருந்தால் இதெல்லாம் கிடையாது. ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"இங்க அண்ணனுக்கு ஒரு பண்ணை, தம்பிக்கு ஒரு பண்ணை. நடுவுல தகர வேலி. ரெண்டுமே கணக்குக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகை, ஒருத்தன் முகத்துல ஒருத்தன் முழிக்கறதில்லன்னு ஊர் சொல்லுது. ஆனா கீழ ஓடையில நுரை பொங்குது. மீன் செத்து மிதக்குது. அந்தத் தண்ணியைக் குடிச்ச குழந்தைங்க ஆஸ்பத்திரியில கிடக்குது."

"ஆய்வாளர் எதைத் தேடிப் போனார்?"

"ஒரே ஒரு குழியை. ரெண்டு பண்ணைச் சாணியும் ஒரே குழியில விழுந்தா, நடுவுல வேலி என்ன, கோட்டையே கட்டினாலும் சட்டத்துக்கு அது ஒரே பண்ணை."

அண்ணன்காரருடைய பண்ணை வாசலில் 'மாடுகளுக்குக் காய்ச்சல். உள்ளே வரக்கூடாது' என்று அட்டை தொங்கியது. ஹாரன் அடித்ததும் அவரே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கட்டையான உடம்பு. இரண்டு நாள் தாடி. கண் தூக்கத்தையே பார்க்காதது போல் சிவந்திருந்தது. ரேடியோ தன்னையறியாமல் அவர் பக்கத்தில் போய் நின்று அளந்தான். தோளுக்குத் தோள் சரியாக இருந்தது. ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான்.

"தோட்டத்துக்கு எரு வேணும். சாணி விலைக்கு வாங்கிட்டுப் போக வந்தோம்" என்றாள் வக்கீலம்மா.

"சாணி இல்லம்மா."

"இவ்வளவு பெரிய பண்ணையில சாணி இல்லையா? இவரு மாடெல்லாம் பால் மட்டும்தான் குடுக்குதா, அண்ணி?" என்றான் ரேடியோ.

அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் கொட்டகைத் தரை அலசிவிட்ட அடுக்களை போல இருந்தது. குவியலும் இல்லை, வண்டியும் இல்லை. மாடுகள் மட்டும் எங்கோ விடாமல் கத்திக்கொண்டிருந்தன. வேலையாள் ஒருத்தரையும் காணோம்.

"காய்ச்சல்னு ஆளுங்களை அனுப்பிட்டேன். நீங்களும் கிளம்புங்க."

"சரி, பக்கத்துல உங்க தம்பிகிட்ட கேட்டுப் பாக்கறோம்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. வருஷக் கணக்காச்சு. அவன் அங்க இல்ல. அவனை விட்டுடுங்க, பாவம்."

கார் வளைவு திரும்பியதும் வக்கீலம்மா ஓரமாக நிறுத்தினாள். என்ஜினை அணைக்காமல் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.  ரேடியோவுக்குப் பயம் இரண்டு மடங்கானது.

"சொத்துக்காக அடிச்சுக்கிட்ட அண்ணன் தம்பிங்களைக் கோர்ட்டுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். திட்டுவாங்க, சாபம் விடுவாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்க. ஒருத்தன்கூட எதிராளியைப் 'பாவம்'னு சொன்னதில்லடா."

"வாய் தவறி வந்திருக்கும்."

"வாய் தவறித்தான் உண்மை வரும். பேச்சு வார்த்தையே இல்லாத தம்பி வீட்டுல இல்லன்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

தம்பியின் பண்ணையில் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. வீட்டு வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, அவசரத்தில் தட்டிவிட்டு ஓடியது போல ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கிடந்தது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பால் கறக்கும் மேடையில் கிழிந்த சாக்குகள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"இங்க பால் கறந்து வருஷமாச்சு" என்றாள் வக்கீலம்மா.

"அப்ப இந்த மாடெல்லாம் என்ன, அலங்காரத்துக்கா?"

சொல்லிவிட்டு ரேடியோ நிமிர்ந்தான். பேச்சு நின்றது. மேய்ச்சல் நிலத்தின் கோடியில், ஆளுயரத் தகர வேலி ஓரமாக, அத்தனை மாடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மடி கல்லாகக் கட்டி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. வலி தாங்காமல் கத்தின. அத்தனை முகமும் ஒரே திசையில், ஒரே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று முணுமுணுத்தாள் வக்கீலம்மா. "தினமும் எந்த வழியாப் போய்க் கறந்துட்டு வருமோ, அங்கதான் போய் நிக்கும்."

மாடுகளை விலக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தகரத்துக்கு முன்னால் மட்டும் புல் ஒரு துளி இல்லை. மண்ணில் குளம்புத் தடங்கள் தகரத்துக்கு அடியில் நுழைந்து மறைந்தன. ரேடியோ கையை வைத்து லேசாகத் தள்ளினான். எண்ணெய் போட்ட கீல். சத்தமே இல்லாமல் திறந்தது.

அந்தப் பக்கம் அண்ணனுடைய பண்ணை இருக்கும் என்று நினைத்தான். இல்லை. எதிரே இன்னொரு தகர வேலி நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேலியாகத் தெரிந்தது உண்மையில் இரண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்கு நிலம் ஒளிந்திருந்தது. மாடு கடக்க ஒரு நடைபாதை, ஒரு சின்ன மோட்டார் அறை, அதை ஒட்டி சிமெண்ட் விளிம்பு வைத்த ஒரு பெரிய குழி. இரண்டு பக்கத்திலிருந்தும் தடித்த குழாய்கள் அதில் வந்து இறங்கின. மூன்றாவதாக ஒரு குழாய் ஓடைப் பக்கம் தரைக்குள் போனது. குழிக்குள் சாணிக் கரைசல் ஏடு கட்டிக் கறுப்பாகக் கிடந்தது. இறங்குவதற்கு ஓர் இரும்பு ஏணி.

நாற்றம் கண்ணைக் கரித்தது. அழுகின முட்டையை மூக்குக்குள்ளேயே உடைத்தது போல இருந்தது.

"கிடைச்சுது உங்க ஒரே குழி. பாத்தாச்சு, போயிடலாம் அண்ணி."

அப்போது மோட்டார் அறைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

வெளியே போட்டிருந்த தாழ்ப்பாளை ரேடியோ நீக்கினான். உள்ளே சாக்கின்மேல் ஒரு நெட்டை மனிதர் கிடந்தார். உதடு வெடித்து, கண் வீங்கி, சட்டையெல்லாம் காய்ந்த சாணி. பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலும் பாதி தின்ற ரொட்டியும். எழுந்து நிற்க முயன்று முடியாமல் சுவரில் சாய்ந்தார்.

"ஆய்வாளர் சார்தானே? உங்க வீட்டுக்காரம்மா அனுப்பினாங்க" என்றாள் வக்கீலம்மா. அவர் தலையாட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

இருவரும் உள்ளே போய் அவருடைய கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் கதவு அடைபட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.  பிறகு குழிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் உறுமி எழுந்தது.

ஆய்வாளர் வக்கீலம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கலக்கற மோட்டார். அடியில தங்கின வாயு மேல வரும். அன்னிக்கும் இது ஓடிக்கிட்டிருந்தப்பதான் நான் எட்டிப் பாத்தேன். தலை சுத்தி உள்ளயே விழுந்துட்டேன்."

சுவரில் குழாய் நுழையும் ஓட்டை வழியாக நாற்றம் அலையலையாக வந்தது. ரேடியோ சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்தான். கதவைத் தோளால் இடித்தான். தோள்தான் வலித்தது. கதவு அசையவில்லை. "ஐயா, திறங்க. நாங்க சாணிகூட வாங்கல, சும்மா போயிடறோம்" என்று கத்தினான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. 

திடீரென்று காற்று சுத்தமானது போல இருந்தது. அவன் ஆழமாக மூச்சை இழுத்தான்.

"அப்பாடா. அண்ணி, நாத்தம் போயிடுச்சு."

ஆய்வாளரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நாத்தம் போகல தம்பி. உங்க மூக்கு போச்சு. மூக்கு செத்தப்பறம் அடுத்தது நாமதான்."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டான். இனி இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கடன் வாங்கியது போலத் தோன்றியது. அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதும் நினைவுக்கு வந்தது.

வக்கீலம்மா மட்டும் ஆய்வாளரின் முகத்தருகே குனிந்தாள். "உள்ள விழுந்தீங்களே, உங்களை யார் தூக்கினது?"

"ரெண்டு பேர். ஒருத்தர் ஏணியில இறங்கி வந்தார். என்னைத் தோள்ல போட்டுத் தூக்கி மேல இருந்தவர் கையில குடுத்தார். அப்பறம் எனக்கு நினைவில்ல. கண்ணு முழிச்சப்ப இங்க கிடந்தேன். பெரியவர் மட்டும்தான் ரொட்டி கொண்டு வந்து வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கீழ இறங்கினவரை அப்பறம் பாக்கவே இல்ல."

வக்கீலம்மா நிமிர்ந்தாள். வாசலில் சிதறிக் கிடந்த செருப்பும், அந்தப் 'பாவ'மும் அவள் மனதில் ஒன்றோடொன்று பொருந்துவதை ரேடியோ அவள் முகத்திலேயே பார்த்தான். அவனுக்கும் புரிந்தது.  அவர்கள் காணாமல் போன ஒருவரைத் தேடி வந்தார்கள். காணாமல் போனது இரண்டு பேர். பகைத்துக்கொண்ட தம்பி எங்கே என்று அண்ணனிடம் யார் கேட்பார்கள்? அதனால் அந்த இன்னொருவரை யாருமே தேடவில்லை.

அவள் கதவில் வாயை வைத்துப் பேசினாள். கத்தவில்லை. கோர்ட்டில் கடைசி வாதத்துக்கு வைத்திருக்கும் குரல்.

"ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க தம்பி அந்தக் குழிக்குள்ளதான இருக்கார்? நீங்க போட்டிருக்கற மோட்டார் கலக்கறது வெறும் சாணியை இல்ல."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க தம்பி உசுரைக் குடுத்து ஒருத்தரைத் தூக்கி உங்க கையில குடுத்தார். அந்த ஆளை நீங்களே கொன்னுட்டா, உங்க தம்பி எதுக்குச் செத்தார்?"

வெளியே ஒரு சத்தம் கேட்டது. மிருகத்தின் சத்தமா மனிதச் சத்தமா என்று ரேடியோவுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவன் கண் இருட்டிக்கொண்டு வந்தது, முழங்கால் மடிந்தது. மோட்டார் நின்றது தெரிந்தது. கதவு திறந்தது தெரிந்தது. யாரோ அவன் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார்கள். வெளிச்சம், பிறகு புல், பிறகு ஒரு மாட்டின் மூச்சு அவன் முகத்தில் பட்டது. குப்புறப் படுத்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

தலையைத் தூக்க முடிந்தபோது, மேய்ச்சல் நிலத்தில் ஆய்வாளர் பக்கத்தில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தான். அவருடைய மார்பு ஏறி இறங்கியது. வக்கீலம்மா மண்டியிட்டபடி போனில் தீயணைப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களை இழுத்துப் போட்டவர் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் அவர் ஒரு கொலைகாரர் என்று ரேடியோ நடுங்கிக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால் அடி வாங்கிய மனிதராக இருந்தார்.

"பகைன்னு ஊரை நம்ப வச்சது நாங்கதாம்மா" என்றார், யாரையும் பார்க்காமல். "அனுமதி வாங்கணும்னா புதுக் குழி வெட்டணும், அதுக்கு மாட்டுல பாதியை விக்கணும்னாங்க. வேலி போட்டா வேலை முடிஞ்சுதுன்னு அவன்தான் சொன்னான். வாசல்ல நின்னு கெட்ட வார்த்தையில திட்டிக்குவோம். இந்த வேலிக்குள்ள வந்து ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்."

"அன்னிக்கு?"

"இவர் விழுந்ததும் நான் கை காலு ஓடாம நின்னேன். அவன் செருப்பைக்கூட மாட்டாம ஓடி வந்தான். பையில இருந்த போனையும் எடுத்து என் கையில குடுத்துட்டு இறங்கினான். இவரைத் தூக்கிக் குடுத்தான். 'பிடிச்சியாண்ணே'ன்னு கேட்டான். பிடிச்சேன். திரும்பிப் பாத்தா ஏணியில ஆள் இல்ல." அவர் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிய சொன்னா ஓடையும் குழந்தைங்களும் வெளிய வரும். ஜெயிலு. இவரை விடவும் முடியல. அவன் தூக்கிக் குடுத்த ஆளைக் கொல்லவும் முடியல. இன்னிக்கு நீங்க வந்து கதவைத் திறந்ததும் கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு."

"ஓடைத் தண்ணியைக் குடிச்ச குழந்தைங்களுக்கும் அண்ணன் தம்பி உண்டு" என்றாள் வக்கீலம்மா. குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தூரத்தில் சைரன் கேட்டது. அதே சமயம் அவருடைய சட்டைப் பைக்குள் ஒரு போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். திரையில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவன் போனு. அவன் பொண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கா. ரெண்டு நாளா அடிச்சுக்கிட்டே இருக்கா. அணைச்சு வைக்கவும் மனசு வரல." போனை வக்கீலம்மா பக்கம் நீட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குப் பேசத் தெரியும்."

வக்கீலம்மா கை நீட்டவில்லை. "அவங்களுக்கு நீங்கதான் பெரியவர்" என்றாள். "நீங்கதான் சொல்லணும்."

மணி நின்றது. மறுபடி அடித்தது. அவர் கட்டை விரலால் தேய்த்துவிட்டுக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் ரேடியோ வரைக்கும் கேட்டது. "ஒருவழியா எடுத்துட்டீங்களா? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். 

"நான் மாமா பேசறேம்மா" என்றார். "குழந்தையைக் கீழ விட்டுட்டு உக்காரு. உங்க அம்மா பக்கத்துல இருக்காங்களா?"